செவிநரம்புக்கு ஆள் வேண்டும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் முதுகலை படிக்கும் மாணவ மாணவியருக்கு,

படிப்பு முடியப்போகும் ஆண்டில் உங்களில் பலருக்கும் ஒரே கேள்விதான்: அடுத்து எந்தத் துறை? புற்றுநோய் என்பீர்கள், ஸ்டெம் செல் என்பீர்கள், நோய்த்தடுப்பு என்பீர்கள், மூளை என்பீர்கள். காது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உட்காதின் நரம்புச்செல்கள் என்று நானே சொன்னால், அப்படியொரு துறை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறீர்கள். இருக்கிறது. அதற்கு ஆள் போதவில்லை. பெங்களூரில் இருந்துகொண்டு இந்த மடலை எழுதக் காரணம் அதுதான்.

காக்ளியாவின் படத்தை பிளஸ் டூவில் வரைந்திருப்பீர்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றுவது அவற்றின் வேலை. அதோடு ‘செவிநரம்பு, மூளைக்கு’ என்று ஓர் அம்புக்குறி போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவோம். அந்த அம்புக்குறிக்குள்தான் நான் சொல்லவந்த செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு 30,000 சொச்சம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் ஏறத்தாழப் பத்து லட்சம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மாவின் குரல், பேருந்தின் ஹாரன், நாகஸ்வரத்தின் ஆலாபனை எல்லாமே இந்த முப்பதாயிரம் செல்களின் வழியாகத்தான் மூளைக்குப் போயாக வேண்டும். செத்துப்போன செல்லுக்குப் பதிலாக நம் உடல் இன்னொன்றை உண்டாக்குவதில்லை.

இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முதல் வகை. அந்த வகையில் ஒவ்வொரு நரம்புச்செல்லும் ஒரே ஒரு உள்மயிர்ச்செல்லோடு இணைந்திருக்கும். ஒரு மயிர்ச்செல்லுக்கோ பத்து முதல் முப்பது நரம்புச்செல்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே செய்தியை வாங்க எதற்கு இத்தனை பேர்?

இதற்கு விடை தேட ஆரம்பித்தவர்களிடம் மின்முனை மட்டும்தான் இருந்தது. 1978இல் சார்லஸ் லிபர்மன், பூனையின் செவிநரம்பு இழைகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து, மூன்று கூட்டம் இருப்பதைக் காட்டினார். சத்தமே இல்லாதபோதும் ஓயாமல் துடிக்கும் இழைகள் மெல்லிய ஒலியையும் பிடித்துவிடும். ஏறக்குறைய அமைதியாகவே இருக்கும் இழைகள் பலத்த ஒலிக்குத்தான் விழிக்கும். மூன்றாவது கூட்டம் இரண்டுக்கும் நடுவில். 1982இல் ஒற்றை இழைக்குள் சாயம் ஏற்றிப் பார்த்து, இந்தக் கூட்டங்கள் மயிர்ச்செல்லின் வெவ்வேறு பக்கங்களில் போய்ச் சேருவதையும் அவரே கண்டார். அதற்குமேல் போக வழியில்லை. காக்ளியா இருப்பது உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள். அளவோ ஒரு பட்டாணிக்குள் அடங்கிவிடும். மூன்று கூட்டமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். எது எந்தக் கூட்டம் என்று தெரியாமல் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து ஆராய்வது எப்படி?

மரபணுக் கருவிகள் இங்கேதான் வருகின்றன. பாடத்தில் க்ரீ–லாக்ஸ்-பி முறையைப் படித்திருப்பீர்கள். க்ரீ என்பது பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸின் நொதி. லாக்ஸ்-பி என்று குறியிட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள டி.என்.ஏ.வை வெட்டி எடுத்துவிடும். சுண்டெலியின் எந்த மரபணுவுக்கு அருகில் க்ரீயை வைக்கிறோமோ, அந்த மரபணு விழித்திருக்கும் செல்லில் மட்டும் வெட்டு நடக்கும். வெட்டு நடந்த செல் ஒளிரும் புரதத்தால் சிவப்பாக மின்னும்படி செய்துவிட்டால், கெட்டி எலும்புக்குள் கிடந்த செல் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். டமாக்சிஃபென் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும் க்ரீயும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். அதனால் எந்தச் செல்லில் என்பதோடு, கருவின் எந்த நாளில் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். ஹார்வர்டில் லிசா குட்ரிச்சின் ஆய்வகம் 2007இல் நியூரோஜெனின்-1 மரபணுவோடு இந்த வகை க்ரீயை இணைத்தது. அதைக்கொண்டுதான், காதின் நரம்புச்செல்கள் தங்கள் இலக்குகள் முதிர்வதற்கு முன்பே பாதையைத் தேர்ந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். அந்த மரபணுவையே நீக்கிவிட்டால் சுண்டெலிக்குக் காது நரம்புச்செல்களே உண்டாவதில்லை.

ஒரு மரபணுவைக் குறியாக வைத்தால் பல நேரம் கருவி கசியும். அதே மரபணு மூளையிலும் விழித்திருக்கும், அல்லது கருவில் எல்லாச் செல்லிலும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயிருக்கும். அதனால் இப்போது இரண்டு நொதிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். வங்கி லாக்கரை மேலாளர் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தானே திறக்க முடியும்? அதுபோல, இரண்டு மரபணுக்களும் விழித்திருக்கும் செல்லில் மட்டுமே குறி விழும். சொல்ல இரண்டு வரிதான். ஆனால் அப்படி நம்பத்தகுந்த ஒரு சுண்டெலி இனம் உருவாவதற்குள் ஓர் ஆராய்ச்சி மாணவரின் படிப்புக்காலத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்தப் பொறுமைக்கு நம் ஊரில் யாரும் பாராட்டு விழா நடத்துவதில்லை. நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

2018இல் ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள், ஹார்வர்டில் குட்ரிச்சும், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உல்ரிக் முல்லரும், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இன்னொரு குழுவும், காது நரம்புச்செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஆர்.என்.ஏ.வைப் படித்தன. முதல் வகைக்குள் மூன்று உட்பிரிவுகள் இருப்பதை மூன்று குழுக்களும் கண்டன. லிபர்மன் பூனையில் கண்ட மூன்று கூட்டங்களோடு அவை ஒத்துப்போயின. நாற்பது ஆண்டுக் கேள்விக்கு மரபணுக்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தது. பட்டியல் கிடைத்துவிட்டால் க்ரீயை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதே ஆய்வுகளின் இன்னொரு முடிவு. மயிர்ச்செல்லிலிருந்து நரம்புக்குச் செய்தியே போகாத சுண்டெலிகளில் இந்த மூன்று உட்பிரிவுகளும் சரியாக உருவாகவில்லை. பிறக்கும்போது பாதி எழுதப்பட்டிருக்கும் அடையாளத்தின் மீதியைச் செயல்பாடுதான் எழுதுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தையின் செவிநரம்புக்கு இதனால் என்ன ஆகிறது? காக்ளியர் இம்ப்ளான்ட்டைச் சீக்கிரம் வைத்தால் அது சரியாகுமா? மயிர்ச்செல்களைத் தாண்டி அந்தக் கருவி நேராகத் தூண்டுவது இந்த நரம்புச்செல்களைத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பலருக்கு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழந்தைகளுக்காகவாவது இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டாமா?

முதுமைக்கும் இதில் பங்கு உண்டு. வயதாகும்போது சுண்டெலியில் முதலில் குறைவது மூன்றில் ஒரு பிரிவுதான், பலத்த ஒலிக்கு மட்டும் விழிக்கும் கூட்டத்தோடு பொருந்தும் பிரிவு. பேரிரைச்சல் கேட்டபின் காது பழையபடி கேட்கத் தொடங்கினாலும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாகப் போய்விடும் என்று ஷரோன் குஜாவாவும் லிபர்மனும் 2009இல் சுண்டெலியில் காட்டினார்கள். வழக்கமான செவிப் பரிசோதனையில் இது தெரியாது. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலரின் காதை நினைத்துக்கொள்கிறேன். அமைதியான அறையில் அவருக்கு நன்றாகக் கேட்கலாம். கல்யாண வீட்டுக் கூட்டத்தில், எதிரில் இருப்பவர் சொல்வது விளங்குமா?

எங்கள் உறவில் ஒரு குழந்தை இருக்கிறாள். “கூப்பிட்டா திரும்புறா. ஆனா என்ன சொன்னாலும் அவளுக்குப் புரியலை” என்றாள் அவளுடைய அம்மா. பரிசோதனையில் வெளிமயிர்ச்செல்கள் நன்றாக வேலை செய்தன. மூளைத்தண்டுக்குப் போகும் அலையைக் காணோம். ஆடிட்டரி நியூரோபதி என்று எழுதிக் கொடுத்தார்கள். மஞ்சள் காமாலை, குறைப்பிரசவம், மரபணு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. கோளாறு எந்த இடத்தில் என்பது அந்தப் பெயரில் இல்லை. மயிர்ச்செல்லின் விளிம்பிலா, இணைப்பிலா, நரம்புச்செல்லுக்கு உள்ளேயா? இடம் மாறினால் வைத்தியமும் மாறிவிடும். மயிர்ச்செல் செய்தியை வெளியே விடத் தேவையான ஓட்டோஃபெர்லின் புரதம் இல்லாவிட்டால் நரம்பு நலமாகவே இருக்கும். அந்தக் குழந்தைக்கு இம்ப்ளான்ட் நன்றாகக் கைகொடுக்கும். நரம்பிலேயே குறை என்றால் அந்த உறுதியைத் தர முடியாது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாம்.

ஓட்டோஃபெர்லினைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த மரபணு வேலை செய்யாத ஆறு குழந்தைகளுக்கு உட்காதில் நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது. 2024 ஜனவரியில் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. ஏற்றிச் செல்லும் ஏ.ஏ.வி. வைரஸில் 4,700 எழுத்துகளுக்குத்தான் இடம். ஓட்டோஃபெர்லின் புரதத்துக்கான குறியீடோ சுமார் 6,000 எழுத்து நீளம். இரண்டாகப் பிரித்து, இரண்டு வைரஸில் ஏற்றி, செல்லுக்குள் ஒன்றுசேர வைத்தார்கள். இந்தத் தந்திரத்தை முன்பே சுண்டெலிக் காதில் செய்து பார்த்திருந்தார்கள். ஆய்வகக் கருவி சிகிச்சையாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசரின் குழு இன்னொரு வழியில் போகிறது. பச்சைப்பாசியிலிருந்து எடுத்த, ஒளி பட்டால் திறக்கும் புரதத்தின் மரபணுவைச் செவிநரம்புச் செல்லில் சேர்த்து, மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் தூண்டும் இம்ப்ளான்ட்டை உருவாக்கப் பார்க்கிறார்கள். மின்சாரம் காக்ளியாவின் திரவத்தில் பரவிவிடும். ஒளியைச் சிறு இடத்தில் நிறுத்தலாம். சுண்டெலியிலும் ஜெர்பிலிலும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இனி பெங்களூருக்கு வருகிறேன்.

பெல்லாரி சாலையில், ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. என்.சி.பி.எஸ். என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பகுதியாக இதைத் தொடங்கியவர் ஒபைத் சித்திக்கி. பழ ஈயின் மரபணுவை மாற்றி, அது எதை நுகர்கிறது, எதைச் சுவைக்கிறது என்று கேட்டவர். ஒரு மரபணுவைத் தொட்டு நரம்புமண்டலத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் இந்த வளாகத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. அங்கே இன்று ராஜ் லதேரின் ஆய்வகம் உட்காது எப்படி உருவாகிறது என்று கோழிக் கருவிலும் சுண்டெலியிலும் ஆராய்கிறது. காது உருவாகத் தொடங்கும் முதல் கட்டளைகளில் இரண்டை, எஃப்.ஜி.எஃப்.-19, டபிள்யூ.என்.டி.-8சி என்ற புரதக் குறிப்புகளை, கோழிக் கருவில் கண்டு 2000இல் சயன்ஸ் இதழில் எழுதியவர்களில் முதல் பெயர் அவருடையது. கோழி ஏன் என்று கேட்பீர்கள். முட்டை ஓட்டில் சிறு சாளரம் வெட்டினால் கரு கண்ணெதிரே கிடக்கும். காதாகப்போகும் இடத்தில் டி.என்.ஏ. கரைசலை வைத்து, ஒரு கண நேரம் மின்துடிப்புக் கொடுத்தால் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுண்டெலியில் மாதக்கணக்கில் ஆகும் சோதனையை இங்கே சில நாட்களில் பார்த்துவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு: இழந்த மயிர்ச்செல்களைப் பறவைகள் திரும்பவும் வளர்த்துக்கொள்கின்றன. 1988இல் கண்டது இது. நம் காதால் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குக் கோழியிடம்தான் போக வேண்டும்.

அதே வளாகத்தில் சுண்டெலியின் மரபணுத் தொகுதியைத் திருத்திப் புது இனங்களை உருவாக்கித் தரும் தனிப் பிரிவு செயல்படுகிறது. சஞ்சய் சானே, அந்துப்பூச்சி பறக்கும்போது நிலை தடுமாறாமல் இருக்க உணர்கொம்பின் ஜான்ஸ்டன் உறுப்பு தேவை என்று 2007இல் காட்டியவர், அங்கேதான் ஆய்வு செய்கிறார். பழ ஈக்கு அதே ஜான்ஸ்டன் உறுப்புதான் காது. நரம்புச்செல்கள் ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். அதில் சிலவற்றுக்குப் பாட்டு, சிலவற்றுக்குப் புவியீர்ப்பும் காற்றும் என்று 2009இல் மரபணுக் கருவிகளைக்கொண்டு பிரித்தறிந்தார்கள். ஈயின் அந்தக் காதை உண்டாக்கும் அட்டோனல் மரபணுவின் உறவுதான் நம் மயிர்ச்செல்லை உண்டாக்கும் அட்டோ-1. சுண்டெலியில் அதை எடுத்துவிட்டு ஈயின் மரபணுவை வைத்தாலும் வேலை நடக்கிறது. ஈயைக் கொண்டு காதைப் படிப்பது சுற்றுவழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொஞ்ச தூரத்தில் ஜக்கூரில், ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் அனுரஞ்சன் ஆனந்தின் ஆய்வகம். கனெக்சின்-26 மரபணுவில் 24ஆவது இடத்தில் புரதம் அறுந்துபோகும் ஒரு திடீர்மாற்றம், இந்தியாவில் ஒரே மூதாதையிடமிருந்து பரவியது என்று 2003இல் அவர்கள் எழுதினார்கள். நம் தென்னகக் குடும்பங்களில் பிறவிக் கேளாமைக்கு அது முக்கியமான காரணம். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கத்தில் இத்தகைய மாற்றங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை; எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையும் கேளாமை உள்ள தமிழ்க் குடும்பங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. ஆடிட்டரி நியூரோபதி உள்ளவர்கள் அங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள்.

குடும்பங்கள் இங்கே, மருத்துவர்கள் இங்கே, ஈயும் கோழியும் சுண்டெலியும் இங்கே. இவ்வளவு இருந்தும் காது நரம்புச்செல்லைக் குறிபார்க்கும் சுண்டெலி வேண்டுமென்றால் பாஸ்டனையும் பால்டிமோரையும் பார்க்கிறோம். 1995இல் இந்தியக் குடும்பங்களில் ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு கேளாமை மரபணுவின் இருப்பிடம் தெரிந்தது. 2002இல் அது டி.எம்.சி.-1 என்று பெயர் பெற்றது. மயிர்ச்செல் அதிர்வை மின்சாரமாக்கும் வாயிலின் முக்கியமான பகுதி அதுதான் என்று இன்று உலகமே ஏற்கிறது. அந்தக் கதையில் நம் பங்கு பெரும்பாலும் ரத்தம் கொடுத்ததோடு நின்றது. செவிநரம்பின் கதையிலும் அப்படியே நடக்க விடக்கூடாது. நம் குடும்பங்களில் கிடைக்கும் மாற்றத்தைச் சுண்டெலியில் எழுதி, எந்த உட்பிரிவு எந்த நாளில் கெடுகிறது என்று பார்ப்பதற்கான கருவியை நாமே செய்ய வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

ஊரில் இருந்தபடியே இன்றே தொடங்கலாம். காதின் மரபணுத் தரவுகளுக்கென்றே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘கியர்’ என்ற தரவுத்தளம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஒரு மரபணுவின் பெயரைக் கொடுத்தால் எந்தக் காதுச்செல்லில் அது விழித்திருக்கிறது என்று காட்டும். 2018 ஆய்வுகளின் மூலத்தரவுகளும் இலவசம். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மடிக்கணினியில் அவற்றைப் படிக்கலாம். ஆர் அல்லது பைத்தான் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். உங்கள் கல்லூரியில் பழ ஈ வளர்க்க மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் அகரும் போதும். ஈ இனங்களுக்கு மைசூரு பல்கலைக்கழகத்தின் சேமிப்பகம் இருக்கிறது. கோழிக் கருவை ஆராய அடைகாப்புப் பெட்டியும் நாட்டுக்கோழி முட்டையும் போதும்; ஒரு பேராசிரியர் நினைத்தால் முடியும். விலங்கு ஆய்வுக்கான நெறிக்குழு அனுமதிகளை முதல் நாளிலிருந்தே முறையாகப் பெறக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரை வைத்துக் கேள்வி கேட்பவருக்கு அது பாதிப் படிப்பு.

மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து 1920இல் நேச்சரில் எழுதிய சி.வி. ராமன், 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி, மற்ற இரு அகாதெமிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. ஆங்கிலம் தடுமாறுகிறது என்று தயங்கி விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் உங்கள் கேள்வியைத் தெளிவாக எழுதுங்கள். என்.சி.பி.எஸ்.ஸின் முனைவர் படிப்புக்கும் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் நுழைவுத் தேர்வை எழுதுங்கள். நேர்காணலில் எந்தத் துறை என்று கேட்பார்கள். செவிநரம்பு என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து உங்களில் ஒருவர்